இருமல்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

"இருமல்தானே, மிளகுக் கஷாயம் வெச்சுக் குடிச்சா போயிடும்!" நம் வீடுகளில் இப்படித்தான் சொல்லுவோம். பெரும்பாலும் போய்விடவும் செய்யும். இரண்டு வாரம் நீடித்தால்தான் சளிப் பரிசோதனைக்குக் கிளம்புகிறோம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நேற்று ஆரம்பித்த இருமலானாலும் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும்.

காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களானால், இப்படிக் கிருமி குடியிருக்கும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறும். எச்.ஐ.வி.யோ அந்தக் காவலையே கலைத்துவிடுகிறது. உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான்.

கவனிக்க வேண்டியவை நான்கு: இருமல், காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுவது, உடல் இளைப்பது. குழந்தைக்கு எடை ஏறாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். ஒன்று இருந்தாலும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிடுங்கள்.

காசநோய் என்று தெரிந்தாலும் கலங்க வேண்டாம். சாதாரணக் காசநோய் 6 மாத மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி. மருந்து இன்னும் ஆரம்பிக்காதவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அதையும் சேர்ப்பார்கள். மூளைக்காய்ச்சலாக வந்திருந்தால் மட்டும் சற்றுத் தள்ளிப்போடுவார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள். ஆனால் அது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். எச்.ஐ.வி. மருந்தின் அளவையும் சில சமயம் மாற்ற வேண்டிவரும். ஆகவே சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியானால்? வராமல் தடுக்கவும் மருந்து உண்டு. ஐசோனியசிட் மாத்திரை தினமும் 6 மாதம். அல்லது அதோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 வாரம். கைகால் மதமதக்காமல் இருக்க பி6 வைட்டமினும் தருவார்கள். வாந்தியோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்காதீர்கள். காசநோய் காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், போதும். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோலவே குணமாகும், அதனால் வீட்டாருக்கு அதிகம் தொற்றுவதில்லை என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியே காட்டியது.

மாமியார் கண்ணில் பட்டுவிடுமோ என்று அரிசி டின்னில் மாத்திரையை ஒளித்து வைக்கும் மருமகள், ஆள் இருக்கும் நாளில் வேளை தவறிவிடுவாள். தவறவிட்ட மருந்து கிருமிக்குத்தான் பலம். "மாத்திரை சாப்பிட்டியாம்மா?" என்று நாமே கேட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். ஒளிக்க வேண்டிய அவசியமே இருக்காது.