நெல்லைச் சீமையின் நாட்டுப்புறத் தேவாலயங்கள்

சங்கரன்கோவிலில் வளர்ந்தவனுக்குக் கோயில் என்றவுடன் கோமதியம்மன் சந்நிதியும், ஓருடலில் இரு பாதியாக நிற்கும் சங்கரநாராயணர் திருவுருவமுமே கண்முன் தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஆயினும் எங்கள் பக்கத்து மக்கள் சிலுவை தாங்கி நிற்கும் கட்டடத்தையும் கோயில் என்றே சொல்வார்கள். தேவாலயம் என்பது ஏட்டுச் சொல். மாதா கோயில், வேதக் கோயில் என்பவையே நாட்டுச் சொற்கள். அத்தகைய கோயில்கள் சிலவற்றை மாணவ நண்பர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதே என் நோக்கம். இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பழைய நெல்லைச் சீமை முழுவதையும் மனத்திற் கொண்டே பேசுகிறேன்.

சங்கரன்கோவிலுக்கு அண்மையில் குருக்கள்பட்டி என்றோர் ஊர் உண்டு. இத்தாலி நாட்டிலே 1680இல் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கிய ஜோசப் பெஸ்கி பாதிரியார் 1714–15ஆம் ஆண்டளவில் இங்கே சிறைப்பட்டு, மரண தண்டனைக்கு உள்ளாகி, மயிரிழையில் உயிர் தப்பினார். அவரே பின்னாளில் வீரமாமுனிவர் எனப் புகழ் பெற்றவர். அன்று அத்தண்டனை நிறைவேறியிருந்தால் தேம்பாவணியும் இல்லை, சதுரகராதியும் இல்லை. அந்த ஊர் வழியே போகும் போதெல்லாம் இந்த எண்ணம் வாராமல் இருப்பதில்லை.

அம்முனிவர் பணிபுரிந்த பழைய தலம் காமநாயக்கன்பட்டி. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நடுவே உள்ள இவ்வூரின் மாதா கோயில், பரலோக மாதாவின் பெயரால் விளங்குவது. ஆகஸ்டு 15ஆம் நாள் விழாவில் தேர் வரும்; நேர்ந்துகொண்டோர் கோயிலைச் சுற்றி உருண்டு வருவர். அதனைக் ‘கும்பிடு சேவை’ என்பார்கள். நம் கோயில்களில் நாம் காணும் அங்கப்பிரதட்சிணமே இது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

கட்டடத்தின் அமைப்பிலேயே ஒரு வரலாற்றைப் படிக்க வேண்டுமானால் தெற்கே வடக்கன்குளம் செல்லுங்கள். 1745இல் நீலகண்டப் பிள்ளை என்ற திருவிதாங்கூர் அலுவலர் இவ்வூரிலே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022இல் போப்பாண்டவர் புனிதராக அறிவித்தார். இன்றுள்ள திருக்குடும்பக் கோயிலோ அவர் காலத்ததன்று, 1872இல் எழுந்தது. அதன் வடிவந்தான் விந்தை. கவட்டைக் கொம்பு போல இரு கூடங்கள் விரிந்து செல்கின்றன; அவை கூடும் முனையிலே பலிபீடம். காற்சட்டைக் கோயில் என்று இதனைக் குறிப்பிட்டோரும் உண்டு. ஏன் இப்படிக் கட்டினார்கள்? வேளாளரும் நாடாரும் ஓரிடத்தில் அமர்ந்து வழிபட மாட்டோம் என்று நெடுங்காலம் பிணங்கி நின்றதே காரணம். பீடத்தில் நிற்கும் குருவானவரை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாது. இடையிலே சுவர்.

கல்லூரி மாணவனாக நான் முதன்முறை அங்குச் சென்றபோது இதனை அறியேன். இரண்டு கூடங்களும் சேரும் இடத்தில் நின்று, கொத்தனார் கணக்கில் ஏதோ பிழை என்று எண்ணினேன். உடன் வந்த பெரியவர் ஒருவர், “பிழை கொத்தனாருடையது அல்ல, தம்பி” என்றார். பின்புதான் முழுக் கதையையும் கேட்டேன். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை அகற்றினார். ஊர் இரண்டுபட்டது. பழைய பிரிவினையை மீட்டுத் தருமாறு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சுவர் போயிற்று, கவட்டை மட்டும் நிற்கிறது. அரியும் அரனும் ஓருருவாக நிற்கும் ஊரிலிருந்து சென்றவனாதலால், ஒரே தெய்வத்தின் முன் இரண்டு கூடம் என்பது என் நெஞ்சை வருத்தியது. எங்கள் ஊர்க் கோயிலுக்குள்ளும் ஒரு காலத்தில் எல்லோரும் நுழைய முடிந்ததில்லை என்ற நினைவு அடுத்த கணமே வந்தது. ஆகவே பிறரைப் பழிக்க வாயெழவில்லை.

இடையன்குடி வேறு வகை. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் ஐயர் 1841இல் இங்கு வந்து சேர்ந்தார். 1847இல் தொடங்கிய கோயிலை 1880இல்தான் அவரால் முடித்துப் பிரதிட்டை செய்ய முடிந்தது. 33 ஆண்டு உழைப்பு! இளைஞராகத் தொடங்கியவர் 66 வயதில் நிறைவு கண்டார். இடையிலே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. 1876 முதல் கொடும் பஞ்சம் நாட்டை வாட்டியது. கூர்முனை வளைவுகள் கொண்ட மேனாட்டுக் கோதிக் பாணி, பனங்காட்டு வெயிலில் முதலிற் கண்ணுக்குப் பொருந்தாதது போலத் தோன்றும். சற்று நேரம் உள்ளே அமர்ந்திருந்து பாருங்கள், பொருந்திவிடும். 1891இல் கோடைக்கானலில் மறைந்த ஐயரின் உடல் இக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

செந்நிறத் தேரி மணலின் ஓரத்தே, மெஞ்ஞானபுரத்தில், வேல்சு நாட்டு ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோயிலின் கோபுரம் 192 அடி உயரம். நெடுந்தொலைவில் வரும்போதே பனைகளுக்கு மேல் அது தெரியும். டோனாவூரையும் பார்க்கலாம், பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் கொடையை நினைந்து இரேனியுஸ் ஐயர் காலத்தில் வைத்த பெயர் அது. வட நெல்லையிலோ, 1854 முதல் இராக்லண்ட் ஐயரும் அவர் தோழரும் ஊர் ஊராகக் கூடாரமடித்துத் திரிந்தனர். 1858இல் சிவகாசியில் அவர் இறக்கும்வரை கூடாரமே வீடு.

இனி ஒன்று. பழைய கோயில்கள் விரைந்து மறைகின்றன. ஊர்ப் பெயரைச் சொல்லேன். சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்தரமுமாக நான் கண்ட ஒரு சிறு கோயில், சில ஆண்டு கழித்துச் சென்றபோது சிமெந்துக் கட்டடமாக மாறியிருந்தது. அடிக்கல் எங்கே என்று கேட்டேன். துணி துவைக்கும் கல்லாகக் கிணற்றடியில் கிடப்பதாகச் சொன்னார்கள். எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. கூட்டம் பெருகிய ஊருக்குப் பெரிய கோயில் வேண்டியதுதான். அதற்காகக் கல்லின் எழுத்தையுமா இழக்க வேண்டும்?

ஆதலால் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்லுங்கள். குருவானவரிடமோ கோயிற்பிள்ளையிடமோ அனுமதி கேளுங்கள். அடிக்கல், கல்லறை, மணி ஆகியவற்றில் உள்ள எழுத்தைப் பிழையின்றிப் படியெடுங்கள். மணியின் உட்புறத்தையும் நோக்குங்கள். முதியோரிடம் கேட்டதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கல் சொல்வது வேறு, காது கேட்பது வேறு. எங்கள் ஊர் ஆடித் தபசுக்கு வருவோர், அதனை ஒட்டியே வரும் ஆகஸ்டு 15க்குக் கழுகுமலை வழியாகக் காமநாயக்கன்பட்டிக்குச் சென்று முதற்பக்கத்தைத் தொடங்கலாம்.