நெல்மணிக்குள் நுழையும் காட்மியம்

காட்மியம் நெற்பயிருக்கு எந்த வகையிலும் சத்து அல்ல. ஆனாலும் வேர் அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. மண்ணிலிருந்து மாங்கனீசை உறிஞ்சுவதற்கென வேரின் செல்சவ்வில் ‘நிராம்ப்-5’ என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. மண்ணீரில் கரைந்த காட்மியமும் மாங்கனீசைப் போலவே இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனி என்பதால், அந்தப் புரதம் இரண்டையும் பிரித்தறியாமல் உள்ளே விடுகிறது.

எல்லா உலோகமும் இப்படிப் பயிருக்குள் ஏறிவிடுவதில்லை. ஈயம் மண்துகள்களோடு இறுகப் பிணைந்து நிற்கும். மாசடைந்த நிலத்துக் கீரையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பகுதி இலைமேல் படிந்த புழுதிதான். தோல் பதனிடப் பயன்படும் மும்மை வலுவெண் குரோமியம் வேருக்கு மேல் அவ்வளவாக ஏறாது. செம்பும் துத்தநாகமும் மிகுந்தால் பயிரே முதலில் வெளிறிக் குன்றிவிடும். காட்மியம் அப்படி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. உண்பவருக்குக் கேடு விளைக்கும் அளவு மணியில் சேர்ந்த பிறகும் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும். உலோகங்களில் இதற்கு ஆராய்ச்சியாளர்கள் தனிக் கவனம் தருவது இதனால்தான்.

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றங்கரை உழவர்கள் இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கமியோகா சுரங்கத்தில் துத்தநாகம் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் கலந்தே கிடைக்கும். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, பாசன நீரோடு வயலுக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் மேல்மண்ணில் படிந்தது. அந்த அரிசியை உண்டு, அந்த ஆற்றுநீரைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. எலும்புகள் மென்மையாகி, சிறு அசைவுக்கே முறிந்தன. பல பிள்ளைகளைப் பெற்று, மாதவிடாய் நின்ற பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள். சுரங்கக் கழிவே காரணம் என்று முதலில் உரக்கச் சொன்னவர் உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபோரு. ‘இத்தாய்-இத்தாய்’ எனப்பட்ட அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்பதை ஜப்பானிய அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது.

மண்ணில் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பது மட்டுமே மணியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. அது எந்த வடிவில் இருக்கிறது என்பதே முக்கியம். அமில மண்ணில் காட்மியம் எளிதில் கரையும்; சுண்ணாம்பு இட்டால் கரைதிறன் குறையும். நீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் அற்றுப்போவதால், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாக உறைகிறது. வயலைக் காயவிட்டால் அதே சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து மீண்டும் கரைகிறது. ஆகவே நல்ல நிலத்தில் உழவர் கைக்கொள்ளும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை காட்மியம் படிந்த நிலத்தில் தீமையாகிறது. கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் வயலில் நீர் நிற்க வேண்டும் என்பது ஜப்பானிய உழவர்களுக்குத் தரப்படும் பரிந்துரை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: மண்ணில் ஆர்செனிக் இருந்தால், நிற்கும் நீர் அதைக் கரைத்துப் பயிருக்குள் அனுப்பிவிடும். ஒன்றைக் குறைக்கும் வழி மற்றொன்றைக் கூட்டுகிறது.

வேருக்குள் நுழைந்த காட்மியம் முழுவதும் மணிக்குப் போய்விடுவதில்லை. ‘எச்எம்ஏ-3’ என்ற மற்றொரு புரதம் அதில் பெரும்பகுதியை வேர்ச்செல்லின் வாக்குவோலுக்குள் தள்ளி அடைத்துவைக்கிறது. தப்பியது சைலம் வழியே மேலேறி, தண்டின் கணுக்களில் ஃபுளோயத்துக்கு மாறி, பால் பிடிக்கும் கதிரை அடைகிறது. சில இண்டிகா நெல் வகைகளில் இந்தப் புரதம் செயலிழந்திருக்கிறது. அவற்றின் வைக்கோலிலும் மணியிலும் காட்மியம் பன்மடங்கு சேரும்.

அந்தக் குறையையே ஜப்பானிய ஆய்வாளர்கள் மருந்தாக்கினார்கள். ‘சோகோகோகு’ என்ற அத்தகைய நெல்லை மாசடைந்த வயலில் இரண்டு ஆண்டு பயிரிட்டு, பயிரை அறுத்து அகற்றியபோது, மண்ணின் காட்மியம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. எதிர்த்திசையிலும் ஒரு வழி திறந்தது. கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சிய ‘கொஷிஹிகாரி’ என்ற நெல் வகையின் விதைகளிலிருந்து, நிராம்ப்-5 பழுதான ஒரு நெல்லைத் தேர்ந்தெடுத்து 2012இல் அறிவித்தார்கள். மாசடைந்த வயலில் விளைந்தும் அதன் மணியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. மாங்கனீசு வரத்து குறைந்தாலும் விளைச்சல் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இந்த ஆய்வுகளில் மிகுந்த நம்பிக்கை தருவது இதுவே. ஆயினும் அது மணியைத்தான் காக்கிறது. மண்ணில் உள்ள காட்மியம் மண்ணிலேயே கிடக்கிறது.

தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம் என்பது பன்னாட்டு உணவுத் தர வரம்பு. ஜின்சு கரையில் மீண்டும் உண்ணத்தக்க அரிசி விளைவிக்க, மாசடைந்த மேல்மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் பரப்ப வேண்டியிருந்தது. சுமார் 860 ஹெக்டேர் நிலத்தில் 1979இல் தொடங்கிய அந்த வேலை 2012இல்தான் முடிந்தது.