தலைக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்

விடியற்காலை மூன்று மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தால், எழுந்து உட்கார்ந்திருப்பது வீட்டுப் பெரியவர்தான். கேட்டால், "வயசாச்சு, தூக்கம் வரல" என்பார். அவர் எட்டு மணிக்கே படுத்தவர் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஏழு மணி நேரம் தூங்கியாயிற்று. வயது ஏற ஏற உடம்பின் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுவது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு. படுத்த முதல் சில மணி நேரத்தில் வருகிற ஆழ்ந்த தூக்கம் முதுமையில் இளைத்துப்போகிறது. பலருக்கு மிஞ்சுவது கோழித்தூக்கம்தான்.

அந்த ஆழ்ந்த தூக்கத்தில் அப்படி என்ன நடக்கிறது? மூளையும் தண்டுவடமும் தெளிந்த ஒரு நீரில் மிதக்கின்றன. எந்நேரமும் அங்கே இருப்பது சுமார் 150 மில்லி, ஒரு டம்ளர் அளவு. ஆனால் ஒரு நாளில் அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது; பழையது வடிந்து போகிறது. 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் லாரா லூயிஸ் குழுவினர் இளைஞர்கள் சிலரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள்ளேயே தூங்கவைத்துப் பார்த்தார்கள். (அது போடுகிற சத்தத்தில் தூங்கியதற்கே அவர்களுக்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாம்.) தூக்கம் ஆழமானதும் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக ஓய்ந்தன. ஓய்ந்த இடத்தில் இரத்தத்துக்கு வேலை குறைந்தது, அது பின்வாங்கியது. விட்ட இடத்தை நிரப்ப அந்தத் தெளிநீர் அலையாக ஏறி வந்தது. ஏறக்குறைய 20 நொடிக்கு ஓர் அலை. கடலைப் போலக் கரைக்கு வந்து, மறுபடி திரும்பிப் போகிற அலை.

அந்த நீர் மூளையின் கழிவை அடித்துச் செல்கிறது என்ற கருத்தை முன்வைத்தவர் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கன் நெடர்கார்ட். 2013இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வின்படி, தூங்கும் சுண்டெலிகளின் மூளையில் உயிரணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிந்தது. பீட்டா அமிலாய்டு என்ற புரதம் இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறியது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் திட்டுத் திட்டாகப் படிந்து கிடப்பது இதே புரதம்தான். தூங்கினால் மூளை கழுவப்படும், கழுவினால் மறதி நோய் அண்டாது என்று உலகமே பேசத் தொடங்கியது.

கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக் ஃபிராங்க்ஸ் குழு, எலி மூளைக்குள் சாயம் செலுத்தி அளந்தபோது முடிவு தலைகீழாக வந்தது: தூக்கத்தில் சாயம் வெளியேறுவது குறைந்தது. அளந்த முறை சரியில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

மனிதர்களிடம் கிடைத்த கணக்கு வேறு விதமானது. பிரிட்டனில் 1985இல் தொடங்கி அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒயிட்ஹால் ஆய்வில், 7,959 பேரின் தூக்கக் கணக்கை 2021இல் அலசினார்கள். 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இங்கே மரம் முந்தியா விதை முந்தியா என்ற சிக்கல் இருக்கிறது. நினைவு தடுமாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அல்சைமர் மூளைக்குள் வேலையைத் தொடங்கிவிடும். தூக்கத்தை ஆளும் பகுதிகளையும் அது விடுவதில்லை. ஆகவே தூக்கம் கெட்டதால் நோய் வந்ததா, நோய் வந்துகொண்டிருப்பதால் தூக்கம் கெட்டதா என்று எழுபது வயதில் கேட்டால் விடை கிடைக்காது. ஐம்பதிலேயே கணக்கெடுத்ததுதான் ஒயிட்ஹால் ஆய்வின் பலம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கீழே தள்ளுகின்றன என்பதே என் கணிப்பு.

அப்படியானால் மாத்திரை போட்டுத் தூங்கிவிடலாமே என்று தோன்றும். 2025இல் நெடர்கார்ட் குழுவே இதைச் சோதித்தது. பரவலாக விற்கும் ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எலிகளைச் சீக்கிரம் தூங்கவைத்தது. ஆனால் மூளைக்குள் ஓடும் நீரின் வேகம் குறைந்தது. எலிக்கு நடப்பதெல்லாம் நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் இத்தகைய மாத்திரைகள் முதியவர்களுக்குத் தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் தரும், பாத்ரூமுக்குப் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம் என்பதை டாக்டர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

தூக்கத்தைக் கெடுக்கும் காரணங்களில் சரிசெய்யக்கூடிய ஒன்று நம் வீடுகளில் சத்தமாகவே இருக்கிறது. உரத்த குறட்டை, நடுவே பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்றுபோதல், பிறகு திணறி மூச்சு வாங்குதல்: இப்படி இரவெல்லாம் நடந்தால் ஆக்சிஜன் குறையும், மூளையால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கவே முடியாது. இதற்குப் பரிசோதனையும் உண்டு, மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் முகமூடிக் கருவியும் உண்டு. நாமோ "நல்லா அசந்து தூங்குறார்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூச்சு நின்றது தூங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுக்கிறவர்தான் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.