பனியுகத்தை அளந்த வண்டுகள்

பனியுகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அடர்ந்த உரோமம் போர்த்திய கம்பளி யானை. ஆயினும் அக்காலத் தட்பவெப்பத்தை நுட்பமாகக் கூறும் ஆற்றல் அதன் காலடியில் ஊர்ந்த வண்டுக்கே மிகுதி. யானை பரந்த நிலப்பரப்பில் திரிய வல்லது. வண்டினங்கள் பலவோ குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் மட்டுமே வாழ்வன.

வண்டின் மேலோடு கைட்டின் என்னும் உறுதியான பொருளைக் கொண்டது. காற்றுப் புகாத ஈரச்சேற்றில் புதையுண்டால் தலையும் மார்பும் கடினமான முன்சிறகுகளும் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாதிருக்கும். சில சிறகுகளில் பச்சையும் நீலமுமான பளபளப்புகூட மங்குவதில்லை. இவற்றைப் பிரித்தெடுக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சேற்றைச் சல்லடையில் கழுவி, எஞ்சியதை மண்ணெண்ணெயில் பிசைந்து வடித்து, அதன்மேல் நீர் ஊற்றுவர். ஓட்டுத் துண்டுகளில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அவை மிதந்து வரும். அத்துண்டுகளை இக்கால வண்டுகளோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்டு இனங்காண்பதே அரிய பணி.

இத்துறையை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக நிலவியல் அறிஞர் ரசல் கூப். அப்டன் வாரன் என்னும் ஊரின் சரளைக்கல் குழியில் கிடைத்த வண்டுகளை அவர் 1950களில் ஆராயத் தொடங்கினார். கடுங்குளிரும் வெப்பமும் மாறிமாறி வந்ததால் பூச்சிகள் புதிய இனங்களாகத் திரிந்திருக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. கூப் கண்டதோ வேறு. அவ்வண்டுகளுள் மிகப்பெரும்பாலானவை இன்றும் வாழும் இனங்களே. அவை உருமாறவில்லை, இடம் மாறியிருந்தன. இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளில் கிடைத்த சாணவண்டு ஒன்று, இன்று திபெத்திய உயர்நிலத்தில் வாழ்கிறது!

இனம் மாறவில்லை எனில் அதன் தேவையும் பெரிதும் மாறியிராது. இதுவே கணக்கின் அடிப்படை. ஓரினம் கோடையில் 8 முதல் 14 பாகை செல்சியசு வரையும், மற்றோரினம் 12 முதல் 18 பாகை வரையும் வாழ்வதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே படிவில் கிடைத்தால் அன்றைய கோடை வெப்பம் 12 முதல் 14 பாகைக்குள் இருந்திருக்க வேண்டும். இனங்கள் கூடக்கூட இடைவெளி குறுகும்.

இக்கணக்கு ஒரு கருத்து மோதலுக்கு வித்திட்டது. ஏறத்தாழ 14,700 ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியா வெப்பமடைந்தது. மரங்களின் மகரந்தத்தை ஆராய்ந்தோர், அம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது என்றனர். வண்டுகளோ, காடு தோன்றும் முன்பே கோடை இன்றைய அளவுக்கு வெப்பமாகிவிட்டதைக் காட்டின. எதை நம்புவது? மரம் தன் விதை விழுந்த இடத்தில் முளைத்து, வளர்ந்து, பின்னரே அடுத்த அடி வைக்கும்; புதிய நிலத்தை அடைய அதற்குப் பல நூற்றாண்டுகள் தேவை. வண்டு பறந்து வந்துவிடும். மகரந்தம் காட்டிய தாமதம் மரங்களின் தாமதமே அன்றித் தட்பவெப்பத்தின் தாமதம் அன்று.

அத்துணை விரைவாக ஒரு நாட்டின் தட்பவெப்பம் மாறுமா என ஐயுற்றோர் பலர். 1990களின் தொடக்கத்தில் கிரீன்லாந்துப் பனிப்படலத்தை மூன்று கிலோமீட்டர் ஆழம் துளைத்து எடுத்த பனித்தண்டுகள் விடை கூறின. அம்மாற்றம் அங்கும் சில பத்தாண்டுகளுக்குள், அதாவது ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள், நிகழ்ந்திருந்தது.