பழைய ஜூம் லென்ஸின் பரீட்சை

புகைப்படக் கலையிற் பற்றுடைய மாணாக்கர் பலர் புதிய லென்ஸின் விலையைக் கேட்ட மாத்திரத்தே மனந்தளர்ந்து விடுகின்றனர். அன்னார் பொருட்டே இதனை எழுதலாயினோம்.

35 மில்லிமீட்டர் காமிராவுக்கென விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959-ஆம் ஆண்டில் வெளிப்போந்த ஸூமார் என்பது. பின்னர், 1970-களிலும் 1980-களிலும் 70 முதல் 210 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம்கள் ஏராளமாய்ச் செய்யப்பட்டன. தாமே குவிக்கும் லென்ஸ்கள் வந்தபின், கையாற் குவிக்கும் இவை அலமாரி மூலையில் ஒதுங்கின. அவற்றுள் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கி, வளையமொன்றின் துணையால் இக்காலத்து மிரர்லெஸ் காமிராவிற் பொருத்தினோம். பழைய காமிராக்களுள் ஒரு கண்ணாடி நின்றமையால் லென்ஸ் பிலிமுக்குச் சற்று எட்டியே இருந்தது. அத்தூரத்தை நிரப்புவதே வளையத்தின் வேலை.

வாங்குமுன் விளக்கொளியை லென்ஸினூடே செலுத்திப் பார்த்தல் வேண்டும். சிலந்தி நூல்போற் படர்ந்திருப்பின் அது பூசணம், அதனை விலக்குக. துவாரத்தகடுகளில் எண்ணெய்ப் பசை உளதோ எனவும் நோக்குக. சிறு தூசியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது படத்திற் பெரும்பாலும் தோன்றுவதேயில்லை.

விழுப்புரத்தில் நேரிய செங்கற் சுவரொன்றை எதிர்நின்று பிடித்தோம். 70-இல் வரிகள் மிடாவைப்போல் வெளியே பருத்தன. 210-இல் உடுக்கையைப்போல் உள்ளே ஒடுங்கின. ஜூம்களுக்கு இஃது இயல்பே; கணினியில் எளிதிற் திருத்தலாம். சுவரின் மூலையில் ஒட்டிய செய்தித்தாளின் எழுத்துக்கள், துவாரத்தை முழுதுந் திறந்தபோது மங்கின. எப்/8-க்குக் குறுக்கியவுடன் தெளிந்தன. திண்டிவனத்துக்கு வெளியே வானத்தை எதிர்த்து நின்ற பனையோலைகளின் விளிம்பில் ஊதா நிறம் கசிந்தது. லென்ஸ் வெவ்வேறு நிறத்து ஒளியை ஒரே இடத்திற் குவியாமையே அதற்குக் காரணம். இக்குறை குறுக்கியபின்னும் முற்றும் நீங்கவில்லை.

எமது மெய்யான நோக்கம் வேறு. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில், முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டிற் குடைவித்த குகைக்கோயில் உளது. செங்கல், மரம், உலோகம், சுதை யாதுமின்றி அதனை அமைத்தமையை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறும். பெருஞ்செலவின்றி அவ்வெழுத்துக்களைப் படிக்கத்தக்கவாறு படமெடுத்தல் கூடுமோ? கைந்நடுக்கம் நீங்கத் துணிப்பையொன்றின்மேற் காமிராவைத் தாங்கி, எப்/8-இல், இரண்டு விநாடி தாமதித்து இயங்குமாறு செய்தோம். வெயில் நேரே வீழ்ந்த உச்சிவேளைப் படங்கள் பயன்படவில்லை. மாலையிற் பக்கவாட்டாய்ச் சாய்ந்த ஒளியிலோ, வெட்டுக்களில் நிழல் தேங்கி எழுத்துக்கள் தனித்தனியே புலனாயின. புதிய லென்ஸாயினும் அவ்வொளியின்றி இதனைச் செய்திராது என்பதே எமது கருத்து.

மழைக்காலத்து ஈரமே இனி இதற்குப் பகை. ஸிலிகா ஜெல் பொட்டலத்தோடு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் இட்டு வைத்துள்ளோம்.