பல்கலைக்கழக நூலக ஒருங்கிணைப்பும் நூற்பட்டியலின் மொழிச் சிக்கல்களும்

1. முன்னுரை

பல்கலைக்கழக நூலகம் என்னும் தொடர் இன்று பெரும்பாலும் ஒரு தனிக் கட்டடத்தைக் குறிப்பதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் நூல்களுக்கு இரத்தன் டாட்டா நூலகமும், அறிவியல் நூல்களுக்கு மைய அறிவியல் நூலகமும், தென் வளாகத்திற்கென ஒரு நூலகமும், இவற்றோடு துறை நூலகங்களும் உள்ளன. இவை அனைத்தும் ஒரே நூலக அமைப்பாகக் கருதப்படுகின்றன. நூல் வாங்குதல், பகுத்தல், பட்டியலிடுதல், இரவல் வழங்குதல் ஆகிய பணிகளை இத்தகைய கிளைகளுக்கிடையே பகிர்ந்தளிப்பது நூலக நிர்வாகத் திட்டமிடலின் முதற்பணியாகும். இப்பணிகளுள் பட்டியலிடுதல் மொழியியலோடு நேரடித் தொடர்புடையது. அத்தொடர்பு திட்டமிடலில் இடம்பெறாதபோது ஒருங்கிணைப்பு எவ்வாறு குறைபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. ஒருங்கிணைப்பின் வளர்ச்சி

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், நூலுக்கு வாசகரும் வாசகருக்கு நூலும் தவறாது கிட்ட வேண்டும் என்னும் கருத்தை 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் நிலைநாட்டினார். பல்கலைக்கழக மானியக் குழு 1957-இல் அவர் தலைமையில் நூலகக் குழு ஒன்றை அமைத்தது. அதே மானியக் குழு 1991-இல் பல்கலைக்கழக நூலகங்களைக் கணிப்பொறி வழி இணைக்கும் இன்ஃபிலிப்நெட் திட்டத்தைத் தொடங்கியது. 1996-இல் அது தன்னாட்சி பெற்ற பல்கலைக்கழகங்களிடை மையமாயிற்று. பல நூலகங்களின் இருப்பை ஒருங்கே காட்டும் கூட்டு நூற்பட்டியலை இம்மையம் பேணிவருகிறது.

மின்னிதழ்களைப் பொறுத்தவரை, 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் கொள்முதலையே நாடு தழுவிய பணியாக்கியுள்ளது. கொள்முதலை நிதியாலும் ஒப்பந்தத்தாலும் ஒருங்கிணைக்க இயலும். இந்திய மொழி நூல்களின் பெயர்களை அவ்வாறு ஒருங்கிணைத்தல் இயலாது.

3. ஆசிரியர் ஒருவர், தலைப்புகள் பல

கூட்டு நூற்பட்டியலின் அடிப்படை, ஓர் ஆசிரியரின் நூல்கள் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் வருதல் ஆகும். மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். தகழி என்பது ஊர்ப்பெயர்; சிவசங்கர என்பது இயற்பெயர்; பிள்ளை என்பது சாதிப்பெயர். ஆங்கிலப் பெயர் மரபைப் பின்பற்றும் பட்டியலாளர் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு 'பிள்ளை' என்னும் தலைப்பில் பதிவு செய்வார். வாசகர் வழக்கைப் பின்பற்றுபவர் 'தகழி' என்று பதிவார். 1978-இல் வெளிவந்த ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்போ, குடும்பப் பெயர் இல்லாத தமிழ், மலையாள, கன்னட, தெலுங்குப் பெயர்களை இயற்பெயரின் கீழ்ப் பதிய வேண்டும் என்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் மூன்று கிளைகள் மூன்று வழிகளைப் பின்பற்றினால், ஓர் ஆசிரியர் மூவராகி விடுகிறார்.

4. எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல்

1958 முதல் வெளிவந்த இந்திய தேசிய நூற்பட்டியல், பல மொழி நூல்களையும் ஒரே வரிசையில் அமைக்கும் பொருட்டு ரோமன் எழுத்துகளைக் கையாண்டது. பல்கலைக்கழக நூலகங்களிலும் இம்முறை பரவியது. ஆனால் எழுத்தை அடியொற்றுவதா, ஒலியை அடியொற்றுவதா, வழக்கை அடியொற்றுவதா என்னும் வினா எழுகிறது. தகழியின் 'செம்மீன்' ஆங்கில வழக்கில் 'சி' எழுத்தை அடுத்து 'எச்' பெறுகிறது. அறிஞர்கள் கையாளும் எழுத்துப்பெயர்ப்பில் 'எச்' இடம்பெறுவதில்லை. அகரவரிசையில் இவ்விரு வடிவங்களும் வெவ்வேறு இடங்களில் அமைந்துவிடும்.

தமிழில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. வல்லினத்தின் ஒலிப்பிலா ஒலிக்கும் ஒலிப்புடை ஒலிக்கும் தமிழ் நெடுங்கணக்கு ஒரே எழுத்தை வழங்குகிறது. ஆகவே காந்தியின் பெயர் குஜராத்தி நூலிலிருந்து எழுத்துப்பெயர்க்கப்படும்போது 'ஜி' எழுத்தின் கீழும், தமிழ் நூலிலிருந்து விதிப்படி பெயர்க்கப்படும்போது 'கே' எழுத்தின் கீழும் அமைகிறது. இங்குப் பட்டியலாளர் பிழை ஏதும் செய்யவில்லை. விதியைச் செம்மையாகப் பின்பற்றியதே பிரிவுக்குக் காரணமாகிறது.

யூனிகோடு வந்தபின் அந்தந்த எழுத்திலேயே பதிய வழி பிறந்தது. மார்க் 21 என்னும் பதிவு முறையின் 880-ஆம் புலம் மூல எழுத்து வடிவத்தையும் ரோமன் வடிவத்தையும் இணைத்து வைக்கிறது. எனினும் தமிழ் எழுத்தில் உள்ள பெயரும் குஜராத்தி எழுத்தில் உள்ள பெயரும் ஒருவரையே சுட்டுகின்றன என்பதைப் பொறி தானே அறியாது. ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் ஒருசேரத் தொகுத்து வைக்கும் தரப்படுத்திய பெயர்க்கோப்பு ஒன்றே இதற்குத் தீர்வாகும். அதனை உருவாக்குவதற்கு மொழியறிவு இன்றியமையாதது.

5. மொழிபெயர்ப்பு நூல்களின் நிலை

பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட அறிக்கை, படைப்பு, அதன் மொழி வடிவம், அச்சுப் பதிப்பு, தனிப்படி என நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டியது. இதன்படி மூல மலையாளச் 'செம்மீன்', நாராயண மேனனின் ஆங்கில ஆக்கம், சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் ஆகியவை ஒரே படைப்பின் வெவ்வேறு மொழி வடிவங்களாகும். மார்க் 21-இன் 041-ஆம் புலத்தில் நூலின் மொழி, மூலமொழி, இடைநிலை மொழி ஆகிய மூன்றையும் குறிக்க இடமுண்டு. ஆங்கிலத்தின் வழியோ இந்தியின் வழியோ மொழிபெயர்க்கப்பட்ட நூல்களை நேரடி மொழிபெயர்ப்புகளிலிருந்து பிரித்தறிய இக்குறிப்பு உதவும்.

இக்குறிப்புகள் நிரப்பப்படாத நிலையில், முன்னரே மொழிபெயர்க்கப்பட்ட நூல் என்பதை அறியாமல் மற்றொருவர் அதே உழைப்பில் இறங்க நேரிடலாம். மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும் ஆய்வாளருக்குத் தரவுகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. பட்டியலில் கண்டறியப்படாத நூல் இரவல் செல்வதில்லை. இரவல் செல்லாத நூல் பயன்படாத நூலெனக் கருதப்பட்டுக் கழிக்கப்படவும் கூடும். ஓரிரு படிகளே எஞ்சியுள்ள நூலாயின் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது.

6. திட்டமிடலில் வேண்டுவன

இவற்றைக் களைய நிர்வாக நிலையில் மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, ஒவ்வொரு மொழிக்கும் பெயர்க்கோப்பைப் பேணும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். பிற நூலகங்கள் அதனையே எடுத்தாளலாம். இரண்டாவது, மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மூலத் தலைப்பு, மூலமொழி, இடைநிலை மொழி, மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகிய நான்கும் கட்டாயப் பதிவாதல் வேண்டும். மூன்றாவது, நூலகக் குழுக்களில் மொழித் துறையினர் நூல் பரிந்துரைப்போராக மட்டுமன்றிப் பட்டியல் விதிகளை வகுப்போராகவும் இடம்பெறல் வேண்டும். இப்பணிக்குரிய காலமும் ஊழியர் எண்ணிக்கையும் ஆண்டுத் திட்டத்தில் தனியே கணக்கிடப்படாவிடில், அன்றாட அலுவல்களுக்கிடையே இது பின்தள்ளப்படும்.

7. முடிவுரை

நூலகங்களை இணைக்கும் வலையமைப்பும் மென்பொருளும் இன்று பெரும்பாலும் கைகூடியுள்ளன. பெயர், தலைப்பு, எழுத்து ஆகியவற்றில் ஒப்புதல் ஏற்படும் அளவிற்கே அவ்விணைப்பு வாசகருக்குப் பயன்தரும். அவ்வொப்புதலை உருவாக்கும் தகுதி மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு. அவர்தம் பங்கினை நூலக நிர்வாகம் தன் திட்டத்தின் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொள்வது பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமையாகும்.