ஹாம்பர்க் நகரின் வசந்த ஓட்டம்

ஜெர்மனியின் வட பகுதியில், எல்பே நதிக்கரையில் அமைந்தது ஹாம்பர்க் மாநகரம். துறைமுகத்தினால் பேர் பெற்ற இந்நகருக்கு 1986-ம் வருஷத்தில் மற்றொரு கீர்த்தியும் வந்து சேர்ந்தது. அவ்வருஷந்தான் அங்கே மாரத்தான் ஓட்டம் முதன் முதலாக நடந்தது. வசந்த காலத்தில், பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று அது நடைபெறுகிறது. தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பழைய கணக்கில் 26 மைல் 385 கஜம். உலகப் பிரசித்தி பெற்ற வீரர்களும், வாரம் முழுவதும் காரியாலயத்தில் வேலை பார்க்கும் சாதாரண ஜனங்களும் அன்று ஒரே வீதியில் ஓடுகிறார்கள்.

இது வேகமான பாதை என்பது ஓட்டக்காரர்களின் அபிப்பிராயம். காரணம் எளிது. வழியில் பெரிய மேடு பள்ளங்கள் இல்லை. ஓடுகிற தேகத்தில் உண்டாகும் சூட்டை வசந்த காலத்துக் காலை நேரத்தின் குளிர்ந்த காற்று வாங்கிக்கொள்கிறது. 2013-ம் வருஷம் கெனியா தேசத்து எலியுட் கிப்சோகே தமது முதல் மாரத்தானை இங்கேதான் ஓடினார். 2 மணி 5 நிமிஷம் 30 விநாடியில் வெற்றியும் பெற்றார். கிலோமீட்டர் ஒன்றுக்கு மூன்று நிமிஷங்கூட ஆகவில்லை! 2022-ல் எதியோப்பியாவின் யலெம்செர்ஃப் யெஹுவாலா என்ற இளம் பெண்மணி 2 மணி 17 நிமிஷம் 23 விநாடியில் ஓடி முடித்தார். முதல் மாரத்தானிலேயே அவ்வளவு வேகத்தை அதற்குமுன் எந்தப் பெண்ணும் காட்டியதில்லை.

ஆனால் வேகமான பாதையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. தொடக்கத்தில் கால்கள் புத்துணர்ச்சியுடன் இருக்கின்றன. ஆல்டோனா பேட்டையிலும், எல்பே நதிக்கரையிலும், ஆல்ஸ்டர் ஏரியின் ஓரத்திலும் ஜனங்கள் திரண்டு நின்று ஆரவாரம் செய்கிறார்கள். இந்த உற்சாகத்தில் தம்மை மறந்து வேகத்தைக் கூட்டாமல் இருப்பது எளிதா?

நான்கு மணி நேரத்தில் முடிக்க எண்ணும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 விநாடி வீதம் ஓடவேண்டும். உற்சாக மிகுதியால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 15 விநாடி முன்னதாகவே ஓடிவிட்டால் பாதி வழியில் அவருக்குச் சுமார் ஐந்து நிமிஷம் லாபம். ஆனால் தேகமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து சுமார் இரண்டாயிரம் கலோரிதான். மெதுவாக ஓடினால் கொழுப்பும் கணிசமாக எரிந்து கை கொடுக்கும். வேகம் கூடக் கூடச் சர்க்கரையே அதிகமாகச் செலவாகும். மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்த குடும்பஸ்தரின் கதிதான் பிறகு! கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் அதிகமாயிற்றென்றால் நஷ்டம் இருபது நிமிஷம்.

இந்த நெருக்கடி சாதாரணமாக முப்பது கிலோமீட்டருக்குப் பின் வருகிறது. ஹாம்பர்க்கிலே அந்தச் சமயத்தில் பாதை வடக்கே ஓல்ஸ்டார்ப் பேட்டையை அடைகிறது. அப்பேட்டையோ, உலகத்தின் மிகப் பெரிய மயானங்களுள் ஒன்றை உடையது! களைத்து வருபவருக்கு இதைக்காட்டிலும் பொருத்தமான எச்சரிக்கை வேண்டுமா?

நிதானம் மந்தமானவர்களுக்கு மட்டும் உரிய உபாயமன்று. ஹாம்பர்க்கில் ஆரம்பித்த கிப்சோகே, ஐந்து வருஷங்களுக்குப் பின், 2018-ம் வருஷ இலையுதிர் காலத்தில், அதே ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 2 மணி 1 நிமிஷம் 39 விநாடியில் உலக சாதனை நிகழ்த்தினார். அன்று முற்பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 61 நிமிஷம் 6 விநாடி. பிற்பாதிக்கு 60 நிமிஷம் 33 விநாடி. அவ்வளவு வேகத்திலும் பின் வழிக்கென்று பலத்தை மிச்சம் பிடித்து வைத்திருந்தார் என்பதை இது காட்டவில்லையா?

வசந்த ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் குளிர்காலம் முழுவதும், இருள் பிரியாத விடியற்காலைகளிலும் விரைவில் இருண்டுவிடும் மாலைகளிலும் பயிற்சி செய்கிறார்கள். அத்தனை மாதத்து உழைப்பை முதல் ஒரு மணி நேரத்தின் குதூகலத்தில் இழந்துவிடலாகாது. தம்மைக் கடந்து செல்கிறவர்களைப் பார்த்துச் சலியாமல், தமது கணக்கின்படியே ஓடுகிறவர்தான் ஓல்ஸ்டார்ப்பைத் தாண்டித் தெற்கே திரும்பும்போது அவர்களுள் பலரைத் திரும்பவும் சந்திக்கிறார். அப்போது அவர்களிற் பலர் நடந்துகொண்டிருப்பார்கள்.